அந்த ஒரு விஷயம்

கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. கடைக்கு வருகிறவர் கண்ணாடி அலமாரியில் இருக்கிற அத்தனை ஃப்ரேமையும் போட்டுப் பார்த்து, அத்தனைக்கும் நொட்டை சொல்லி, கடைசியில் முதலில் தொட்டதையே எடுத்துக்கொண்டு கிளம்பினாலும், "உங்க முகத்துக்கு இதுதாங்க எடுப்பா இருக்கு" என்று சிரித்த முகமாகத்தான் சொல்வார். முன்னறையில் கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டை, பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின், நடுவில் அவர். முதலாளி எதற்கு வருகிறார் என்று தெரியாமல் மாலையில் வந்து தெரியாமலே போவார். கடை மொத்தமும் இவர் தலையில்தான் ஓடியது. மீசை வைத்த பூனை என்று மனைவி அவரைச் சொல்வதுண்டு.

அந்தப் பூனை கையில் போன் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடும்.

'நாடும் நடப்பும்' என்று இணையத்தில் ஒரு பக்கம். வேலை இருக்கிறவர்கள், இல்லாதவர்கள், இருந்தும் பார்க்காதவர்கள் என்று ஊர்ப்பட்ட பேர் அதில் அரசியல் பேசினார்கள். கண்ணாடிக்காரர் அங்கே 'நடுநிலைவாதி'. நடுநிலை பெயரோடு சரி. மாநிலத்தை ஆளும் கட்சி தும்மினால் அது மக்கள் நலனுக்காகத் தும்மியது, நாட்டை ஆளும் கட்சி தும்மினால் அது மாநிலத்தின் மேல் சளியைப் பரப்பும் சதி. எதிராளி யார், வயதென்ன என்றெல்லாம் பார்க்க மாட்டார். வாதம் சூடாகிவிட்டால் ஒவ்வொரு பதிலையும் ஒரே வரியில்தான் முடிப்பார்: "சார், முதல்ல கண்ணாடியை மாத்துங்க." அதற்கு அவருடைய ஆட்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகளைப் போடுவார்கள். கடையில் நாளெல்லாம் பணிந்து பேசியதற்கு அங்கே வட்டியோடு வசூல் ஆனது.

அவருக்கு வாய்த்த எதிராளி 'தெருவிளக்கு'. முகப்புப் படத்தில் ஒரு கம்பம், மேலே ஒரு விளக்கு, அவ்வளவுதான். ஆள் தேசியக் கட்சிக்காரர். அந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லாத ஒரு வழக்கம் அவருக்கு இருந்தது. எத்தனை திட்டினாலும் "தாங்கள்" என்றுதான் எழுதுவார். "தாங்கள் கூறுவது முழுப் பொய்" என்பார். "தங்கள் கட்சி ஒரு திருட்டுக் கும்பல்" என்பார். மரியாதை குறையாமல் செருப்பால் அடிக்கிற வித்தை அது. கண்ணாடிக்காரருக்கு அவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் காலையில் கடைக் கதவைத் தூக்கிவிட்டு, ஷோகேஸைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததும் அவர் முதலில் தேடுகிற பெயரும் அதுதான்.

அந்தப் பக்கத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பதில் சொல்லாதவன் தோற்றவன். வீட்டில் விருந்தாளி வந்திருக்கலாம், போனில் சார்ஜ் இல்லாமல் போயிருக்கலாம், அதெல்லாம் செல்லாது. கேள்வி கேட்டு ஒரு பொழுது தாண்டியும் பதில் வரவில்லை என்றால் "ஓட்டம்", "எஸ்கேப்" என்று கொட்டு அடித்துவிடுவார்கள். தெருவிளக்கும் நடுநிலைவாதியும் இத்தனை வருஷத்தில் ஒருவருக்கொருவர் அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுத்ததே இல்லை.

அப்புறம் பாலம் வந்தது.

ஆற்றின் மேல் புதிதாகக் கட்டிய பாலத்தை மாநில அமைச்சர் ஒரு நாள் திறந்துவைத்தார். அடுத்த வாரம் மத்திய அமைச்சர் வந்து அதே பாலத்தை மறுபடி திறந்துவைத்தார். வெட்டிய ரிப்பனை ஒட்டி மறுபடி வெட்டினார்களா, புது ரிப்பனா என்பதிலேயே முதல் நாள் சண்டை போனது. பிறகு காசு யாருடையது என்று ஆரம்பித்தார்கள். தெருவிளக்கு கடுமையாக எழுதினார். கண்ணாடிக்காரர் விடவில்லை. ஒரு மாலை, லென்ஸ் மெஷின் ஒரு பக்கம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்க, மொத்தமாகப் பொழிந்து தள்ளினார். நிலத்தைக் கையகப்படுத்தியது மாநில அரசு. தூண் எழுப்பியது மாநில அரசு. மத்திய அரசு கொடுத்தது மேலே மூடுகிற தட்டு மட்டும். அதுவும் நம்மிடம் வாங்கிய வரியிலிருந்து. இவ்வளவையும் எழுதிவிட்டு, கை சும்மா இருக்காமல் நடுவில் ஒன்றைச் செருகினார்: "இவ்ளோ கோபப்பட்டா நெஞ்சு தாங்காது சார். பாலத்தை விடுங்க, போய் ஒரு டாக்டரைப் பாருங்க."

அதற்குத்தான் சிரிப்புப் பொம்மைகள் அதிகம் விழுந்தன.

கடை சாத்துகிற நேரத்துக்குத் தெருவிளக்கின் பதில் வந்தது. "தாங்கள் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் சரி. அது எது என்பதை நாளை காலை எழுதுகிறேன்."

கண்ணாடிக்காரர் அதை நாலைந்து தடவை படித்தார். அவர் சொன்னது சரி என்று கட்டிய மனைவி சொன்னதில்லை, பெற்ற மகன் சொன்னதில்லை, முதலாளி சொல்கிற பேச்சுக்கே இடமில்லை. சொன்னவர் தெருவிளக்கு! அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவர் நடையே மாறியிருந்தது.

மறுநாள் காலை பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தெருவிளக்கு தோற்றுவிட்டு ஓடி ஒளிகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, கண்ணாடிக்காரருக்கும் வரவில்லை. தினமும் ஷோகேஸைத் துடைத்ததும் தெருவிளக்கின் பெயரைக் கொக்கியில் மாட்டுவது மாதிரி டேக் செய்து கேட்டார்: "தெருவிளக்கு சார், பதிலைக் காணோமே? அந்த ஒரு விஷயம் என்ன?" கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. யாராவது பதில் சொல்லாமல் மழுப்பினால் "அந்த ஒரு விஷயமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவன் தெருவிளக்கின் முகப்புப் படத்தை எடுத்து, பல்பைக் கறுப்பாக்கி, 'ஃபியூஸ் போச்சு' என்று எழுதிப் பொம்மையாக்கிவிட்டான். கண்ணாடிக்காரர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்.

ஒரு நாள் கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதனை. சோதனை ஃப்ரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். போன் துடித்தது. ஒரு கண்ணால் பார்த்தார். அவருடைய கேள்விக்குக் கீழே, அந்தப் பக்கத்தில் இதுவரை பார்த்திராத பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். "நான் அவருடைய மகள். நீங்கள் கடைசியாகச் சண்டை போட்ட அன்று ராத்திரியே தூக்கத்தில் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. ஒரு மாசமாக நீங்கள் கேலி பண்ணுவது ஒரு பிணத்தை. இனி யாரும் அவரை டேக் செய்யாதீர்கள்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்றார் நாற்காலியில் இருந்தவர். கண்ணாடிக்காரர் தவறான லென்ஸைப் போட்டுவிட்டு, அதை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் எல்லோரும் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டார்கள். நல்ல மனிதர் என்றார்கள். எதிரியாக இருந்தாலும் பண்பாளர் என்றார்கள். "ஆனாலும் பாலம் விஷயத்தில் அவர் சொன்னது தப்புதான்" என்று ஒருவன் எழுதினான். அதிலிருந்து மறுபடி பாலச் சண்டை ஆரம்பமாகிவிட்டது. இப்படிப்பட்ட கூட்டத்தில்தான் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டியிருக்கிறோம் என்று கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பந்தம் பிடித்துக்கொண்டு முன்னால் போனதே அவர்தான். அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அது விடவில்லை. லென்ஸ் தேய்க்கும்போது மெஷின் சத்தத்துக்குள்ளே யாரோ "தாங்கள்" என்று கூப்பிடுவதுபோல இருக்கும். மெஷினை நிறுத்தினால் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தால் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். எந்த விஷயம் சரி என்று தெருவிளக்கு ஒப்புக்கொண்டார்? நிலமா, தூணா, வரியா? இல்லை, நடுவில் செருகிய அதுவா? வீம்புக்குச் சொன்னதை அந்த மனிதர் நெஞ்சைத் தடவிக்கொண்டு படித்திருந்தால்? காலையில் டாக்டரைப் பார்க்கலாம் என்று படுத்திருந்தால்? பாலமாக இருந்துவிடட்டும், பாலமாக இருந்துவிடட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை அவர். யாரிடம் வேண்டிக்கொள்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"என்னங்க, உங்க கட்சி கவுந்துடுச்சா? ரெண்டு வாரமா போனைத் தொடவே காணோம்" என்று கேட்டாள் மனைவி. அவர் சொன்னார். முழுவதையும் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீங்க எழுதி ஒரு மனுஷன் செத்துடுவாரா? உங்க எழுத்துக்கு அவ்ளோ சக்தி இருந்தா அந்தப் பாலம் இந்நேரம் எழுந்து நடந்திருக்கும்."

"எழுதினதால செத்தாருன்னு சொல்லலடி. நான் சொன்னது சரியா இருந்து, அதை நான் கிண்டலாச் சொல்லிட்டேனேன்னு இருக்கு. ஒழுங்காச் சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருப்பாரோ என்னவோ."

"அதை இங்க உக்காந்து எங்கிட்ட கேட்டா? போய்க் கேட்டுட்டு வாங்க. இல்லன்னா நீங்க உருப்படியா சாப்பிட மாட்டீங்க, நானும் நிம்மதியாத் தூங்க மாட்டேன்."

வீட்டைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இல்லை. எப்போதோ ஒரு முறை தெருவிளக்கு, தன் வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் இருக்கிற கம்பத்து விளக்கு எரிவதில்லை என்று, தெருப் பெயர், கதவு எண் எல்லாம் போட்டு மாநில அரசைத் திட்டி எழுதியிருந்தார். அந்த விளக்கின் படம்தான் முகப்புப் படம். அதற்கு மத்திய அரசு நிதி தராததே காரணம் என்று பதில் எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய சண்டைகளைத் தோண்டி எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். முகவரி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார்.

பஸ் அந்தப் பாலத்தின் மேல்தான் போனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் கம்பத்து விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. சரி செய்துவிட்டார்கள் போல. அணைக்கத்தான் ஆள் இல்லை. அதற்கு எதிரே இரும்புக் கதவு போட்ட சின்ன வீடு. கதவைத் திறந்தது வயதான ஒரு அம்மா. அந்த அம்மாவின் மூக்கில் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"சாரை எனக்குப் பழக்கம்மா. ஆன்லைன்ல. விஷயம் தெரிஞ்சு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உள்ள வாங்க தம்பி. நீங்க எந்தக் கட்சி?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "சார் கட்சிதாம்மா" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி, அதன் கைப்பிடியில் தேய்ந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. டி.வி. மேஜையில் ஒரு போன் சார்ஜில் இருந்தது. அந்த அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் கேட்காமலே பேச்சு அங்கே வந்துவிட்டது.

"ஒருத்தன் இருந்தான் தம்பி. நடுநிலைவாதின்னு பேரு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். காலையில டாண்ணு வந்துடுவான். போன் டிங்னு சத்தம் போட்டதும் இவரு எங்க இருந்தாலும், பல்லு விளக்கிக்கிட்டு இருந்தாலும், 'வந்துட்டான்யா'ன்னு ஓடி வருவாரு. சத்தமாப் படிப்பாரு. அந்த நாற்காலியில உக்காந்துதான். படிச்சுட்டுத் திட்டுவாரு. திட்டிட்டுச் சிரிப்பாரு. வேலையில இருந்து ஓய்வு வாங்கினதுக்கு அப்புறம் இவரைத் தேடி தினம் தவறாம வந்தது அவன் ஒருத்தன்தான்."

கண்ணாடிக்காரர் டீ டம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு ராத்திரி சார் எதாவது சொன்னாராம்மா? ஒரு விஷயம் சரின்னு எழுதியிருந்தாரே."

"எங்கிட்டயும் அதான் சொன்னாரு. 'பய ஒண்ணு மட்டும் சரியாச் சொல்லிட்டான்'னாரு. என்னங்க அதுன்னு கேட்டேன். 'காலையில சொல்றேன், இப்ப தூக்கம் வருது'ன்னு படுத்துட்டாரு." அந்த அம்மா நாற்காலிப் பக்கம் திரும்பினார். "ஒரு சட்டையை எடுத்து வெளியே வச்சிருந்தாரு. காலையில எங்கயோ கிளம்பறதுக்கு. ஒரு வாரமா வாயுப் பிடிப்பு வாயுப் பிடிப்புன்னு நெஞ்சைத் தடவிக்கிட்டே இருந்தாரு, டாக்டர்கிட்டப் போங்கன்னு நான் கத்திக்கிட்டு இருந்தேன். அந்தப் பாலத்தை நேர்ல போய்ப் பாத்துட்டு வரணும்னும் சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு. எதுக்கு எடுத்து வச்சாரோ. அந்தச் சட்டையை இன்னும் நான் உள்ள வைக்கல."

இவ்வளவு தூரம் வந்ததற்கு, பாலம் என்றும் இல்லை, டாக்டர் என்றும் இல்லை. இந்த வீட்டிலும் அதே கேள்வி ஒரு சட்டையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. இனி அதைச் சொல்ல உலகத்தில் ஆளே இல்லை.

என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் மனிதனின் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துவிடும். "கண்ணாடி சாஞ்சிருக்கும்மா, குடுங்க" என்று வாங்கினார். சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, தளர்ந்திருந்த திருகாணியை முடுக்கினார். மூக்கில் படுகிற இரண்டு ரப்பரையும் விரலால் நெருக்கினார், வேட்டி நுனியால் துடைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அந்த அம்மா போட்டுக்கொண்டார். நேராக உட்கார்ந்தது.

நேராக உட்கார்ந்த கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார்.

"கண்ணாடிக் கடையா தம்பி?"

"ஆமாம்மா."

"'முதல்ல கண்ணாடியை மாத்துங்க'ன்னு எழுதுவான் அவன். தினமும். அவன் கண்ணாடிக் கடைக்காரனாத்தான் இருப்பான்னு இவரு பந்தயமே கட்டினாரு எங்கிட்ட."

அவர் தலை தானாகக் குனிந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா, காலில் விழலாமா என்று புரியவில்லை. திட்டட்டும், ஆசை தீரத் திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தார். போன் டிங்கென்றது. இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அந்த அம்மா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வைத்தார்.

"விளம்பரம். லோன் வேணுமாம். இப்பல்லாம் இதுதான் வருது." திரும்பி நின்றபடியே பேசினார். "இவரு போனதுக்கு அப்புறமும் அவன் ஒரு மாசம் எழுதினான் தம்பி. அந்த ஒரு விஷயம் என்ன, அந்த ஒரு விஷயம் என்னன்னு. பொண்ணுக்கு ரத்தம் கொதிச்சுது. எனக்குக் கொதிக்கல. காலையில டிங்னு கேட்டா, உள்ள ரூம்ல இவரு பல்லு விளக்கிக்கிட்டு இருக்காரு, இப்ப வந்துடுவாருன்னு ஒரு நிமிஷம் தோணும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் போனுக்குச் சார்ஜ் போட்டு வச்சிருந்தேன். அப்புறம் பொண்ணு எழுதிட்டா. அவனும் நிறுத்திட்டான். இப்ப காலையில இந்த வீடு எப்படி இருக்குதுன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"அம்மா..."

"நீங்க அவனைப் பாத்தா சொல்லுங்க." முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. எனக்கும் அது என்னன்னு தெரியணும். நான் கேக்க முடியாது, எனக்கு போன்ல எழுதத் தெரியாது. அவன் கேக்கட்டும். பொண்ணு சத்தம் போடுவா, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் கடைக் கதவைத் தூக்கினார். ஷோகேஸைத் துடைத்தார். உட்கார்ந்து போனை எடுத்தார். இத்தனை வருஷமாகச் சோம்பல் முறிக்கிற மாதிரி எழுதியவர், இன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். "தெருவிளக்கு சார், பதிலைக் காணோமே? அந்த ஒரு விஷயம் என்ன?"

பக்கம் கொதித்துப்போனது. எதிர்க்கட்சிக்காரர்கள் காறித் துப்பினார்கள். அவருடைய ஆட்களே, பல்பைக் கறுப்பாக்கிப் பொம்மை போட்டவன் உட்பட, "நீயெல்லாம் மனுஷனா? செத்த வீட்டுலயாய்யா கட்சி வளர்ப்பே?" என்று கேட்டார்கள். "உங்களுக்கு வெட்கமே இல்லையா?" என்று அந்த மகள் எழுதினாள். ராத்திரி வீட்டில் மனைவி அதையெல்லாம் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், அந்தம்மாதான் கேட்டாங்கன்னு" என்றாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஒரு நிமிஷத்தை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டால் அது அப்புறம் வராது என்று அவருக்குத் தோன்றியது. எதற்கும் பதில் எழுதவில்லை. பதில் சொல்லாதவன் தோற்றவன் என்கிற சட்டப்படி, அவர் அங்கே தினமும் தோற்றுக்கொண்டிருந்தார்.

அவர் யாரோடும் வாதாடுவதில்லை இப்போது. தேர்தல் வந்தது, போனது. யார் ஜெயித்தது என்பது வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டதில்தான் அவருக்குத் தெரிந்தது. காலையில் ஒரு வரி, அதோடு சரி. எழுதி முடித்ததும், எங்கோ ஒரு வீட்டில் போன் டிங்கென்பதும், ஒரு அம்மா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் அவர் கண்ணுக்குத் தெரியும். அதற்கடுத்த நிமிஷம் என்ன ஆகும் என்பதும் தெரியும். மெஷினைப் போட்டுவிட்டு லென்ஸைக் கையில் எடுப்பார்.

ஒரு நாள் மதியம் போனைப் பார்த்தபோது, அன்றைய கேள்விக்குக் கீழே ஒரு கட்டைவிரல் பொம்மை விழுந்திருந்தது. போட்டவர் பெயர், தெருவிளக்கு. அது யாருடைய விரல், எந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அழுத்தியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் மயிர்க்கூச்செறிந்தது. கடையில் யாரும் இல்லை. எழுந்து, "சொல்லுங்க சார்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

கட்டைவிரல் பதில் ஆகாது. மறுநாள் காலையும் கேட்டார்.